கேமிங் பிசியின் மந்தகதி: ஒரு தர்க்க விசாரணை

உலகில் காரணமின்றிக் காரியமில்லை என்பது தார்க்கிகர் யாவரும் ஒப்பிய கொள்கையே. ஆயினும், கேமிங் பிசி ஒன்று விளையாட்டின் நடுவே திணறத் தொடங்கியதும் அதன் சொந்தக்காரர் காரணத்தைத் தேடுவதில்லை என்பதும், தாம் வாங்க ஆசைப்படும் உதிரிபாகம் எதுவோ அதிலேதான் குற்றம் என்று இரவு பன்னிரண்டு மணிக்குள் ஸ்தாபித்துவிடுகிறார் என்பதும் இவ்வாராய்ச்சியின் பிரதான சித்தாந்தமாகும். புதிய கிராபிக்ஸ் கார்டின் மீது மையல் கொண்டவருக்குக் குற்றம் பழைய கிராபிக்ஸ் கார்டில் இருக்கும். மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டிருப்பவருக்கோ அதே குற்றம் விண்டோஸ் அப்டேட்டுக்கு இடம்பெயர்ந்துவிடும். இந்த மயக்கத்தைத் தெளிவித்து, பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று ஆன்றோர் வகுத்த பிரமாணங்களின் வழியே மந்தகதியின் மூலத்தை விசாரிக்கப் புகுகிறோம்.

பூர்வகதை சிறிது உண்டு. 1981-ல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் பிராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அக்காலத்து விளையாட்டுகள் சில அந்த வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தமையால், பின்வந்த யந்திரங்களில் அவற்றை ஓட்டியபோது ஆட்டம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. அதன்பொருட்டு யந்திரத்தை வேண்டுமென்றே மந்தப்படுத்துவதற்கு ஒரு பொத்தான் வைத்து, அதற்கு 'டர்போ' என்று நாமகரணமும் செய்தார்கள். வேகம் மிகுந்ததே வியாதியாய் இருந்த அந்தப் பொற்காலம் போயிற்று.

முதலாவது பிரத்தியட்சம். திரையின் மூலையில் 100 எஃப்பிஎஸ் என்று பச்சை எழுத்து மின்னிக்கொண்டிருக்க, துப்பாக்கி ஏந்திய வீரன் வாசற்படியில் கல்லாய்ச் சமைந்து நிற்பானாயின், அவ்விரு காட்சிகளில் எதனை மெய்யென்று கொள்வது? இரண்டும் மெய்யே. ஒரு வினாடிக்கு வரும் 100 பிரேம்களில் 99 பிரேம்கள் தலைக்கு 8 மில்லிவினாடியில் வந்து சேர்ந்து, எஞ்சிய ஒன்று மட்டும் 208 மில்லிவினாடி எடுத்துக்கொண்டாலும், சராசரி 100 என்றே சாதிக்கும். அந்த ஐந்திலொரு பங்கு வினாடிக்குள் எதிரி சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். ஆதலின் சராசரியைப் புறக்கணித்து, பிரேம் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள்களில் ஒன்றையே சாட்சியாகக் கொள்ளல் தகும்.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் சாட்சியமும் இத்தகையதே. எட்டுக் கோர்கள் கொண்ட பிராசசரில் ஒன்றே ஒன்று மூச்சுமுட்ட உழைத்து, ஏனைய ஏழும் வெறுமனே இருக்குமாயின், மொத்த உழைப்பு 12.5 விழுக்காடு என்று அது எழுதும். ஒரே குமாஸ்தா எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் ஆபீசில், வேலைப்பளுவே இல்லையென்று மேலிடத்துக்கு அறிக்கை போவது போல. 'பிராசசர் சும்மாதான் இருக்கிறது, கார்டுதான் போதவில்லை' என்று முடிவுகட்டிக் கடைக்குக் கிளம்பியவர்களில் பலர் இவ்வறிக்கையை நம்பியவர்களே.

இரண்டாவது அனுமானம். மலையில் புகை கண்டு ஆங்கே நெருப்புண்டென்று அனுமானிப்பது தர்க்க நூல்களின் பழைய உதாரணம். கேபினட்டில் புகை கண்டவர் அனுமானத்தில் காலங்கழிக்காமல் சுவிட்சை அணைப்பாராக. புகையாத யந்திரங்களைப் பற்றியதே நமது விசாரணை. விளையாட்டின் ரெசல்யூஷனை 1440-இலிருந்து 720-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். பிரேம்கள் மளமளவென்று ஏறினால் பாரம் சுமந்தது கிராபிக்ஸ் கார்டு. இம்மியும் ஏறாவிட்டால் பிராசசர். செலவில்லாத இச்சோதனையைச் செய்யாது பல்லாயிரம் ரூபாயைக் கொட்டி, பழைய பிராசசருக்குப் புதிய கார்டைத் துணையாக்கி, முன்பிருந்த அதே பிரேம்களை மிகுந்த சௌந்தரியத்துடன் கண்டுகளிப்போர் உளர். புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திக்கி, மறுமுறை போகையில் சீராக ஓடுமாயின், ஷேடர்கள் அப்போதுதான் தயாராகின்றன என்று கொள்க. அதற்கு மருந்து பொறுமை. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்தவுடன் திணறல் நிற்குமாயின், கார்டின் நினைவகம் நிரம்பி ராமுக்கு வழிந்திருக்கிறது.

உஷ்ணத்தைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது அவசியம். பிராசசர் தன் எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு அவ்வெல்லை 100 பாகை, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. காற்றினால் குளிரும் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காதாகையால், 22 பாகை அறையில் 84 பாகையில் நிற்கும் பிராசசர், அதே வேலையை 36 பாகை அறையில் செய்யுங்கால் ஏறக்குறைய 98-ஐ எட்டிவிடும். குளிர்தேசத்தில் எடுத்த அளவுகளை நம்பிச் சென்னையில் சித்திரை மாதத்தில் விளையாட உட்காருபவர், தேசகால வர்த்தமானத்தை மறந்தவராவார்.

இதனோடு தூசி சேர்கிறது. பக்கக் கதவைத் திறந்து, கூலரின் விசிறியை அதன் கம்பிக் கொக்கியிலிருந்து விடுவித்து எடுத்தால், அதன் பின்னே அலுமினியத் தகடுகளின் வாயை அடைத்தபடி, தலைமுடியும் தலையணைப் பஞ்சும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் பிசுக்கும் கலந்து படிந்த சாம்பல்நிறப் படலம் ஒன்று, நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும். ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். காற்று நுழைய வேண்டிய முகப்பைக் கண்ணாடியால் மூடி, உள்ளே வண்ணவண்ண விளக்குகளை எரியவிடும் கேபினட்டுகளைப் பற்றி எமது கருத்து யாதெனில், அவ்விளக்குகளால் ஒரு பிரேம்கூடக் கூடியதில்லை. புதுக் கூலரின் அடியில் 'பொருத்துமுன் அகற்றுக' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை அகற்றாமலே பொருத்தி, தெர்மல் பேஸ்ட்டைப் பழிப்பவர் தனி வகுப்பினர்.

மூன்றாவதாகிய ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தக்கோர் சொல். இது மிகவும் ஆபத்தான பிரமாணம். ஏனெனில் நண்பர் தம் யந்திரத்துக்கு நேர்ந்ததையே எல்லா யந்திரத்துக்கும் விதியாக்குவார். டிரைவரைத் துடைத்துவிட்டுப் போடு என்பார் ஒருவர், விண்டோஸையே துடைத்துவிட்டுப் போடு என்பார் மற்றொருவர். நம்பத்தக்க ஆப்தர் மதர்போர்டுடன் வந்த கையேடு ஒன்றே. அதைப் பெட்டிக்கு வெளியே எடுத்தவர் அரியர். ராம் இரண்டாயின் அநேக மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும் என்பதும், அடுத்தடுத்துச் செருகினால் இரண்டு வழியும் ஒருவழிப் பாதையாகிவிடலாம் என்பதும், 3200 என்று அட்டையில் பொறித்த டிடிஆர்4 ராம், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கும்வரை 2133, 2400, 2666 என்று ஏதேனும் ஒரு தாழ்ந்த வேகத்திலேயே நடைபயிலும் என்பதும் அக்கையேட்டில் தெளிவாகக் கிடைக்கும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவோருக்கும் அதில் படத்துடன் விமோசனம் உண்டு. ஆட்டத்தின் உச்சத்தில் யந்திரமே அணைந்துபோனால் மட்டும் கையேட்டை விட்டு யூபிஎஸ்ஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: 600 விஏ என்று பெரிய எழுத்தில் விற்பவற்றில் பல, சிறிய எழுத்தில் 360 வாட்டுக்கே உத்தரவாதம் தருகின்றன.

மேற்கூறிய யாவும் அறிந்தும் விசாரணை தோற்பது, ஒரே மூச்சில் டிரைவரை மாற்றி, பேஸ்ட்டை மாற்றி, ராமை இடம் மாற்றி, பயாஸையும் மாற்றுவதால்தான். அதன்பின் யந்திரம் ஓடினாலும் எதனால் ஓடிற்றென்று தெரியாது. ஓடாவிட்டால் எதனால் கெட்டதென்றும் தெரியாது. ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் அதே அளவு என்பது நியதி.

இவ்வாராய்ச்சியை மறுத்து எழுத விழையும் அறிஞர்கள், தாம் வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் இன்னும் 60-இலேயே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.