கண்ணாடிக்கு மேல ஒரு கண்ணாடி

மருமவனே, ஒன்னய நெனச்சா எனக்குப் பெருமையா இருக்குலே. போனு எழுபதாயிரம், அதுவும் தவணையில. அதோட முதுகுல மூணு கண்ணு. மூணு கண்ணுக்கும் தனித்தனியா ஊதா வளையம் வெச்ச கண்ணாடி வாங்கி ஒட்டியிருக்க, ஓரத்துல மினுமினுப்பு வேற. ஒங்க அத்தை பாத்துட்டு, "எத்தன பவுனு இருக்கும்?"னு எங்கிட்ட கேக்கா. "ஏட்டீ, அது நகையில்ல, கேமராவுக்குப் பாதுகாப்பு"ன்னேன். "கேமராவ எவன் என்ன செஞ்சான்?"னு திருப்பிக் கேட்டா பாரு, அங்க நான் மாட்டிக்கிட்டேன். பதில் தெரிஞ்ச ஆளு நம்ம குடும்பத்துல நீ ஒருத்தந்தான. வா, இப்பிடித் திண்ணையில உக்காரு.

எவன் கீறுதான், சொல்லு. பையில கெடக்குற சாவியா? சரி, சாவியவே எடுத்துக்கிடுவோம். மோஸ்னு ஒரு ஜெர்மன்காரரு 1812-லயே கல்லுக்கெல்லாம் மார்க்கு போட்டுட்டுப் போயிட்டாரு. எது எதக் கீறும்ங்கிறதுதான் பரீச்ச. வைரத்துக்குப் பத்துக்குப் பத்து. நம்ம நகத்துக்கு 2½. பித்தளைச் சாவி 3, 4-ஓட நின்னுரும். சன்னல்ல போடுற சாதாக் கண்ணாடியே 5½ வாங்கிருக்கு. கொறஞ்ச மார்க்கு வாங்குனவன் கூட வாங்குனவன எப்பிடிலே கீறுவான்? போன் கம்பெனிக்காரனும் சும்மா சன்னல் கண்ணாடிய அறுத்துப் போடல. ஐபோனுல 2012-ல அஞ்சாம் நம்பரு வந்தப்பவே கேமரா மேல நீலக்கல்ல, அதான் சபையர, வெச்சிட்டான். மோஸ்கிட்ட அதுக்கு 9 மார்க்கு. கார்னிங் கம்பெனி 2021-ல கேமராவுக்குன்னே கொரில்லாக் கண்ணாடிய எறக்கிச்சு, மொதல்ல வாங்கிப் போட்டவன் சாம்சங்காரன். இதையெல்லாம் ஒன் சாவிக்கொத்து கீறிரும்னு நீ பயந்து போய்க் கெடக்க. பயப்பட வேண்டியது சாவிதாம்லே.

கடக்காரத் தம்பி ஒங்கிட்ட "9ஹெச்சுண்ணே, சும்மா கல்லு"ன்னு சொல்லியிருப்பான். நீயும் 9-ங்கவும் சபையருக்குச் சமம்னு நெனச்சு வாங்கிட்ட. அந்த ஹெச்சு என்னன்னு கேட்டியா? பென்சிலு. பள்ளிக்கூடத்துல ஹெச்பி பென்சில் வெச்சு எழுதுனியே, அதே ஹெச்சு. ரொம்பக் கெட்டிப் பென்சிலுக்குப் பேரு 9ஹெச். பெயிண்டு பூசுன எடத்துல பென்சில அழுத்தி இழுத்து, தடம் விழுதான்னு பாக்குற சோதன அது. ஒங்கண்ணாடி அதுல பாசாயிருக்கு. ரொம்ப சந்தோசம். நாளைக்கு எவனாவது பென்சிலச் சீவிக்கிட்டு ஒன் பின்னால ஓடியாந்தா, நீ நின்னு நிதானமா போனக் காட்டலாம்.

ஆனா தேரிக்காட்டுல பொறந்துட்டு மணல மறக்கப்படாது. மணலுன்னா குவார்ட்ஸு, அதுக்கு 7 மார்க்கு. கடக்கரைக்குப் போனா செவப்பா மினுங்குதே, அது கார்னெட்டு. 7½ வரைக்கும் போகும். உப்புத்தாளு செய்யவும், தண்ணியப் பீச்சி இரும்ப அறுக்குற மெசினுக்கும் அதத்தான் மூட மூடயா ஏத்திட்டுப் போனான். அந்த மணலு ஒன் சட்டைப்பையில நாலு தரி கெடந்தா கண்ணாடியக் கீறும், ஒத்துக்கிடுதேன். நீ ஒட்டுன கண்ணாடியையும் கீறும். அதப் பிச்சிப் போட்டுட்டு வேற ஒட்டலாம்ங்கிறதுதான் ஒரே ஆதாயம். கல்குவாரியில நிக்கிறவன், போர் போடுறவன், கட்டட வேலைக்குப் போறவன், நெதம் கடக்கரையில வலை இழுக்குறவன், இவனுங்க ஒட்டட்டும். நான் வேண்டாங்கல. நீ ஏசி ரூமுல உக்காந்து கம்ப்யூட்டரத் தட்டுத. அங்க எங்கெருந்துலே மணக்காத்து அடிக்கி?

சரி, கீறிருச்சுன்னே வையி. என்னாகும்னு நெனைக்க? படத்துக்குக் குறுக்க ஒரு கோடு விழும்னா? விழாது. மூக்குக்கு நேரா அவ்வளவு கிட்டக்க கெடக்குறத லென்ஸு சட்ட பண்ணாது. சூரியனோ விளக்கோ எதிர்ல நின்னா மட்டும் அந்தக் கீறல் லேசாப் பளபளக்கும். அம்புட்டுத்தான் நட்டம். அந்த நட்டம் என்னைக்கோ வந்துரக் கூடாதேன்னு, நீ இன்னைக்கே வேற ஒண்ண வெல குடுத்து வாங்கி ஒட்டியிருக்க. அது என்னங்கிறதப் போன தசராவுல பாத்தோம்லா.

குலசையில சூரசம்காரம். நடுராத்திரி, கடக்கரையில ஊரே நிக்கி. காளி வேசம் போட்டவன், கொரங்கு வேசம் போட்டவன், சீரியல் செட்டு, டியூப்லைட்டு. நீ கூட்டத்துக்குள்ள முண்டியடிச்சுப் படம் எடுத்துட்டு வந்து ஒங்கம்மாட்ட காட்டுன. அம்மன் இருக்கா, சூரன் இருக்கான், மேல இருட்டுல பச்சையும் வெள்ளையுமா ஒரு கொத்து விளக்கு தலகீழாத் தொங்குது. ஒங்கம்மா அம்மன் காட்சி குடுத்துட்டான்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. அடுத்த வீட்டுக்காரி வந்து அவளும் போட்டுக்கிட்டா. சாமி விசயம்னு நான் வாயத் தொறக்கல. இப்பச் சொல்லுதேன், அது அம்மனில்ல, நீ ஒட்டுன கண்ணாடி.

கண்ணாடி வெளிச்சத்த முழுசா உள்ள விடாது. ஒரு பக்கத்துக்கு நூத்துக்கு நாலு பங்கத் திருப்பி அனுப்பிரும். ரெண்டு பக்கம் உண்டுல்லா, ஏறக்கொறைய எட்டு போச்சு. சபையருன்னு சொல்லி விக்கானே, அது நெசமாவே சபையரா இருந்து மேல பூச்சு இல்லேன்னா, ஒரு பக்கத்துக்கே ஏழுக்கு மேல போயிரும். கார்னிங்காரன் கேமராக் கண்ணாடிக்குப் பூச்சு பூசி, நூத்துல 98 பங்கு வெளிச்சம் உள்ள போகுதுன்னு மார்தட்டிச் சொல்லுதான். நீ அதுக்கு மேல பூச்சில்லாத கண்ணாடிய ஒட்டி எட்ட வழியிலயே நிறுத்திட்ட. பகல்ல இது ஒன் கண்ணுக்குத் தெரியாது, ஒத்துக்கிடுதேன். ராத்திரியிலதான் வில்லங்கம். உள்ள போன வெளிச்சத்துல கொஞ்சம் சென்சாருல மோதித் திரும்பி வெளிய கெளம்புது. வாசல்ல ஒங்கண்ணாடி தட்டையா நிக்கி. அதுல முட்டி மறுபடியும் உள்ள வருது. ரெண்டாவது தடவ வாறப்ப எடம் மாறி விழும். விளக்கு கீழ வலப்பக்கம் இருந்தா, அதோட ஆவி மேல இடப்பக்கம், அதுவும் தலகீழா. வெறும் போனுலயும் ஒண்ணு ரெண்டு ஆவி வரத்தான் செய்யும். கூட ஒரு கண்ணாடி சேந்தா கொடைக்குக் கூடுன கூட்டந்தான்.

இது எனக்கெப்பிடித் தெரியும்னு முழிக்காத. பிலிம் காலத்துல பெண்டாக்ஸ் கே1000-ஐத் தோள்ல மாட்டிக்கிட்டு இந்தச் சுத்துப்பட்டு ஊர்ல உள்ள கல்யாணத்துக்கெல்லாம் போனவன் நான். ஒங்கப்பனும் ஒங்கம்மாவும் மாலையும் கழுத்துமா நிக்கிற படம் என் கையால எடுத்தது. அன்னைக்கி லென்ஸுக்கு முன்னால யூவி பில்டர் திருகுவோம். புற ஊதாக் கதிரு பிலிமுல பட்டா, தூரத்து மலையும் கடலும் நீலம் பாஞ்சு மங்கிப் போகும், அதுக்காக. இப்ப உள்ள கேமராவுல சென்சாருக்கு முன்னாலயே அதத் தடுக்கக் கம்பெனிக்காரன் ஏற்பாடு செஞ்சிருக்கான். அப்பறமும் சில பேரு லென்ஸுக்குக் காவல்னு சொல்லிப் பில்டர மாட்டிக்கிட்டுத்தான் திரியுதான். அந்தப் பழைய வழக்கத்தோட கடைக்குட்டிதான் ஒங்கையில இருக்குறது. நாங்க கோயில் கொடைக்குப் போனா, விளக்கு போட்ட ஒடன பில்டரக் கழத்திப் பையில போட்டுருவோம். ஒன்னோடது பசைலே. ராத்திரிக்குக் கழத்தி வெளுப்புக்கு மாட்ட முடியுமா? நெம்பி எடுக்கப் போயி உள்ள உள்ள நல்ல கண்ணாடியில சில்லு பேத்தவனும் இருக்கான்.

ஒட்டத்தான் செய்வேன்னு அடம் பிடிச்சா, ஒரு சின்ன வித்த சொல்லித் தாறேன். வாங்குற முன்னால கண்ணாடிய டியூப்லைட்டுக்குக் கீழ சாச்சுப் பிடி. லைட்டு அதுல பளீர்னு வெள்ளையாத் தெரிஞ்சா, அது வெறுங்கண்ணாடி. மங்கலா, ஊதாவாவோ பச்சையாவோ தெரிஞ்சா பூச்சு இருக்கு. ஜெர்மனியில சைஸ் கம்பெனியில ஸ்மகுலாங்கிறவரு 1935-லயே இந்தப் பூச்சுக்குக் காப்புரிம வாங்கிட்டாரு. இன்னும் நம்ம கடத்தெரு அட்டப்பெட்டி வரைக்கும் அது வந்து சேரல. பிளாஷையும் சேத்து மூடுற ஒத்தக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். பிளாஷ் அடிச்சா வெளிச்சம் கண்ணாடிக்குள்ளயே பக்கவாட்டுல ஓடி லென்ஸுல எறங்கி, படம் முழுக்க வெள்ளப் பொகையா வரும். பிளாஷச் சுத்திக் கறுப்பு வளையம் வெச்சிருக்கானான்னு பாரு. ஊதா வளையம் ஆசையா இருக்கும், ஆனா 0.5-னு போட்டு அகலமா எடுக்கியே, அந்தக் கண்ணு ஓரம் வரைக்கும் எட்டிப் பாக்கும். வளையம் கொஞ்சம் ஒசரமா இருந்தாப் போதும், மூலையில கறுப்படிச்சு நிக்கும்.

இன்னொரு கூத்தக் கேளு. பேக் கவரு வாங்கிப் போட்டிருக்கல்லா, அதுல கேமராவச் சுத்தி ஒரு விளிம்பு ஒசந்து நிக்கும். மேசையில வெச்சாலும் கண்ணாடி மேசையத் தொடாம அந்த விளிம்பு தாங்கிக்கிடும். கேமராவுக்குக் காவல் ஏற்கெனவே அங்க நிக்கி. நீ அதுக்கு மேல கண்ணாடி ஒட்டி ஒரு நூலு ஒசத்திட்ட. இப்ப மேசையில ஒரசுறது எது? ஒங்கண்ணாடி. ஒரசுனதும் கீறல். கீறல் விழுந்ததும் பாத்தியா மாமா, நான் ஒட்டலேன்னா ஒரிஜினல் போயிருக்கும்னு சொல்லுத. நீயே வம்ப வெல குடுத்து வாங்கி, நீயே பஞ்சாயத்தும் பண்ணுத.

ஒங்கேமராவுக்கு மெய்யான எதிரி யாருன்னு கேட்டா, ஒன் ஆள்காட்டி விரலு. முட்டப் புரோட்டா தின்ன கையோட போன எடுத்து, அந்த விரல நேரா லென்ஸு மேல வெக்க. எண்ணெப் பசை படிஞ்சா விளக்குலெருந்து கோடு கோடா வெளிச்சம் நீளும். குறுக்க தொடச்சா கோடு நெட்டுக்க நிக்கும், நெட்டுக்க தொடச்சா குறுக்க. வேணும்னா இன்னைக்கி ராத்திரி தெருவிளக்க எடுத்துப் பாரு. நீ கேமரா போச்சுன்னு கடைக்கு ஓடுத. ஒரு பழைய நூல் வேட்டித் துண்டு போதும்லே. மொதல்ல ஊதிரு, மணலு பறக்கட்டும், அப்பறம் தொட. ஊதாமத் தொடச்சா நீயே உப்புத்தாளு போடுத.

அப்பறம் அந்த புல்லட்டு. கண்ணாடி ஒட்டுனதுக்காவது ஒரு நியாயம் சொல்லலாம், இதுக்கு என்னத்தச் சொல்ல? வழி பாக்கணும்னு போன ஹேண்டில்பார்ல பூட்டிக்கிட்டு திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் தடதடன்னு போற. கேமராவுக்குள்ள கையாட்டத்தச் சரி பண்ண ஒரு சின்ன ஏற்பாடு மெதந்துக்கிட்டு நிக்கி. பெரிய மோட்டார் சைக்கிளு எஞ்சின் அதிர்வு நாள் கணக்குல பட்டா அது கெட்டுப் போகலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021-ல வாயால சொல்லிருக்கான். போன நேரா வண்டியில பூட்டாதீங்கன்னும் சொல்லுதான். அது போச்சுன்னா படமெல்லாம் ஆடிக்கிட்டே வரும், எந்த ஊதா வளையமும் காப்பாத்தாது. ஊசி போற வாசலுக்குப் பூட்டுப் போட்டுட்டு, பூசணிக்கா போற வாசலத் தெறந்து வெச்சிருக்க.

கீழ விழுந்தா உடையுமேன்னு கேப்ப. உடையும். கல்லு முனையில நேராக் குத்துனா ஒட்டுன கண்ணாடி அந்தக் குத்த வாங்கிக்கிட்டு உள்ள உள்ளதக் காப்பாத்தலாம். அது உண்டு. மாசம் ரெண்டு தடவ போன கீழ போடுறவனுக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். எந்த மாடலு, அந்தக் கண்ணாடிய மட்டும் மாத்த என்ன செலவு ஆகும்னு ரிப்பேர்க் கடையில ஒரு வாத்த கேட்டு வெச்சுக்கோ. சில போனுல கண்ணாடிய மட்டும் தனியா மாத்திரலாம், சிலதுல கேமராவோட சேத்துக் கழத்தணும்னு பெரிய தொகையாச் சொல்லுவான். பெரிய தொகைன்னா ஒட்டிக்கோ, தசரா ராத்திரிக்கு மட்டும் போட்டோ எடுக்காத.

ஒம்மனசுக்குள்ள இன்னொரு கணக்கு ஓடுதுங்கிறதும் எனக்குத் தெரியும். ரெண்டு வருசம் கழிச்சு இத வித்துட்டு அடுத்தது வாங்கணும், கேமரா பளபளன்னு இருந்தா நாலு காசு கூடக் கெடைக்கும். நல்ல கணக்குதான். தவணை கட்டுறது நீ, மங்கலாப் படம் எடுக்குறது நீ, ஆவி புடிக்கிறது நீ. கீறலே விழாத கேமரா போய்ச் சேர்றது யாரோ ஒருத்தனுக்கு. அந்த யாரோ ஒருத்தன் எதுக்குலே அசலூர்க்காரனா இருக்கணும்? நாந்தான் இருக்கேனே. தவணையெல்லாம் முடியட்டும், மாமனுக்குன்னு ஒரு வெல போட்டுக் குடு. அப்பிடின்னா நான் இம்புட்டு நேரம் பேசுனத மறந்துரு. ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கட்டும். வேணும்னா அதுக்கு மேல இன்னொண்ணு ஒட்டிக்கோ, காசு நான் தாறேன்.