டாக்டரும் டவரும்

வேதாரண்யம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்க்காரர்களுக்குக் 'கம்பவுண்டர் சார்'தான். புயல், வெள்ளம், சுனாமி, கொரோனா என்று எல்லாவற்றையும் மருந்துக் கவுண்டரின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாயிற்று. அங்கிருந்து பார்த்த வரையில் விஞ்ஞானம் பிரமாதமாக முன்னேறியிருக்கிறது. கரண்ட் இருக்கும் வரைக்கும்.

1980களின் கடைசியில் எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. டாக்டர் அறையில், டயலில் ஒரு குட்டிப் பூட்டோடு. சாவி டாக்டரிடம், டாக்டர் திருவாரூரில். பாம்பு கடித்த ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். நாகப்பட்டினம் பெரியாஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டு யோசனை கேட்பதா, அம்பாசடர் காரைப் பிடித்து ஆளையே அனுப்புவதா என்று வாசலில் ஒரு பட்டிமன்றம் நடக்கும். எனக்குத் தெரிந்து எல்லா முறையும் அம்பாசடர்தான் ஜெயித்தது.

அதே காலத்தில் உலகத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் பெரிய நிலநடுக்கம். சுமார் 25,000 பேர் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நாசா, செயற்கைக்கோள் வழியாக ஆர்மீனிய டாக்டர்களைத் தன் நாட்டு மருத்துவமனைகளோடு இணைத்தது. குரல் போனது, படம் போனது, ஃபேக்ஸ் போனது. அந்த ஜூன் மாதம் ரஷ்யாவில் ஊஃபா அருகே எரிவாயுக் குழாய் வெடித்து இரண்டு ரயில்கள் தீப்பற்றியபோது, தீக்காயம் பட்டவர்களுக்காக அந்த இணைப்பை அங்கேயும் நீட்டினார்கள். ஒருவர்மேல் ஒருவர் ஏவுகணையைக் குறிவைத்து உட்கார்ந்திருந்த இரண்டு வல்லரசுகள், ஒரே நோயாளியின் காயத்தைச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் நிலையத்தில் அப்போது டயல் பூட்டின் சாவி தொலைந்துபோயிருந்தது.

அந்த வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒரு சங்கதி மட்டும் எனக்கு மனதில் நின்றது. நிலநடுக்கம் டிசம்பரில், இணைப்பு வேலை செய்யத் தொடங்கியது மே மாதத்தில். இடிபாட்டிலிருந்து ஆளை இழுத்தெடுத்ததும், ரத்தத்தை நிறுத்தியதும் பக்கத்தில் இருந்தவர்கள். தூரத்து நிபுணர்கள் உதவியது எலும்பு கூடாதவர்களுக்கு, தீக்காயம் ஆறாதவர்களுக்கு, மனம் உடைந்தவர்களுக்கு. அதாவது பத்திரிகைக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகும் இழுத்துக்கொண்டே போகிற வைத்தியத்துக்கு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி ஆடியது நம் கணக்குக்குக் காலை ஆறரை மணி சுமாருக்கு. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு அவகாசம் இருந்தும் கரையில் இருப்பவனுக்குத் தகவல் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். காயத்தோடு தப்பியவர்கள் அதைவிடக் குறைவு.

எனக்கு ஒரு கல்யாண மண்டப முகாமில் டியூட்டி போட்டார்கள். வேன் வேனாக டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஒரு பேனரோடும் வந்தார்கள். வந்த வேகத்தில் ஆளுக்கொரு டி.டி. ஊசி. மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் சட்டைக் கையைத் தானாகவே சுருட்டிக்கொண்டு, "ஐயா, இன்னுமா? காலையிலேருந்து வர்றவங்க எல்லாரும் ஒண்ணு குத்திட்டுத்தானே போறாங்க" என்றார். எங்கள் நர்ஸம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஊசி போட்டவர் முன்கையில் பேனாவால் தேதி எழுதிவிடுவது. எங்கள் முகாமின் மருத்துவப் பதிவேடு அதுதான். நோயாளி போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். குளித்தால் அழிந்துவிடும்.

பழைய துணி மலைமலையாக ரோட்டோரம் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மருந்து குவிந்து கிடந்தது மண்டபத்துச் சமையல்கட்டில் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. சாம்பிள் மாத்திரைகள், காலாவதிக்கு மாதக்கணக்கில்கூட மிச்சமில்லாத பாட்டில்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர் அச்சிட்ட டப்பாக்கள். பெருந்தவலைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றைத் தரம் பிரித்ததில் பாதிப் பொழுது போனது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் விநியோகித்துக்கொண்டிருந்தார். பெரிய படிப்பு, பெரிய மனசு. அவர் கைக்கு வேண்டிய நோயாளி அங்கே இல்லை.

எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு ஆச்சி ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, அந்த வெள்ளை மாத்திரை குடு. சின்னதா இருக்கும். காலையில ஒண்ணு, ராத்திரி பாதி."

"எதுக்குச் சாப்பிடுறீங்க ஆச்சி?"

"டாக்டர் குடுத்தாரு, அதுக்குத்தான்."

"சீட்டு இருக்கா?"

"வீட்டுல இருக்கு."

வீடு எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் அலமாரியில் பாதிக்கு மேல் சின்ன வெள்ளை மாத்திரைதான். ரத்தக் கொதிப்புக்கும் வெள்ளை, சர்க்கரைக்கும் வெள்ளை, வலிப்புக்கும் வெள்ளை. முகாமில் அத்தனை டாக்டர்கள் இருந்தும், ஆச்சிக்கு என்ன வியாதி என்று தெரிந்த ஒரே டாக்டர் வேறு ஊரில், தொலைபேசிக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். கடைசியில் பிரஷரை அளந்து, சர்க்கரையைப் பரிசோதித்து, வைத்தியத்தைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சுனாமி அவருடைய வீட்டோடு பல வருடத்து மருத்துவ வரலாற்றையும் கொண்டுபோயிருந்தது.

அதே வாரம் அந்தமானில் வேறு கதை. போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையை இஸ்ரோ முன்பே செயற்கைக்கோள் வழியாகச் சென்னையின் ஒரு மருத்துவக் கல்லூரியோடு இணைத்து வைத்திருந்தது. கடலுக்கு அப்பால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தீவுக்கு சென்னை நிபுணர்கள் எட்டினார்கள். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருந்த எங்களுக்கு வேன்தான் எட்டியது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை பிணம் விழுந்த கரையில் கொள்ளைநோய் பரவும் என்று பயந்தார்கள், பரவவில்லை. பிளீச்சிங் பவுடர் தூவியவர்களும், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலந்தவர்களும், குழந்தைகளைத் தேடிப்பிடித்துத் தட்டம்மை ஊசி போட்டவர்களும் அதற்குக் காரணம். பெங்களூர் நிமான்ஸிலிருந்து வந்த மனநல மருத்துவர்கள், தாங்களே ஒவ்வொருவரிடமும் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் உட்கார்ந்திருப்பது என்று உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நான் பார்த்ததிலேயே உருப்படியான நிபுணத்துவம் அதுதான். அவர்கள் போன பிறகும் அது ஊரில் தங்கியது.

இனி நவீன காலம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எல்லார் கையிலும் போன் இருந்தது. எங்கள் வட்டாரத்துக்கென்று வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. டாக்டர்கள், நர்ஸுகள், ஆய்வாளர்கள், ஓட்டுநர்கள், யாரென்றே தெரியாத சிலர். 15ஆம் தேதி மாலை வரை குழு களைகட்டியது. கட்டுப்பாட்டு அறை எண், படகு எண், வானிலை வரைபடம், பிரார்த்தனை. நள்ளிரவு தாண்டிப் புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டவர்கள் சில விழுந்தன. விழாதவை டீசல் தீர்ந்ததும் வாயை மூடிக்கொண்டன. குழுவில் கடைசியாக வந்த செய்தி, 'அவசர மருத்துவ ஆலோசனைக்கு 24 மணி நேரமும் அழைக்கவும்'. சிக்னல் திரும்பியபோது முதலில் வந்து விழுந்தது ஒரு ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்' என்ற வாசகத்தோடு.

இடைப்பட்ட நாட்களில் வைத்தியம் எப்படி நடந்தது? எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர், விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி நடந்தே போனார். யாருக்கு எப்போது பிரசவத் தேதி, யார் வீட்டில் டி.பி. மாத்திரை தீரப்போகிறது, யார் படுத்த படுக்கை என்பது அவர் நோட்டில் இருந்தது. நாள் நெருங்கிய கர்ப்பிணிகளைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். ஃபிரிஜ் செத்துப்போன வீடுகளில் இன்சுலினை ஈர மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். ஊருக்குள் ஜெனரேட்டர் வந்ததும் ஜனங்கள் முதலில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள், அடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றினார்கள். சார்ஜ் ஏறிய போனைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னலுக்காகக் காத்திருந்தார்கள்.

தொலைமருத்துவம் எங்கள் தெருவுக்கு நிஜமாகவே வந்தது 2020இல். மார்ச் 25 அன்று நாடு ஊரடங்கில் உட்கார்ந்தது. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் வெளியானதும் அதே நாள். ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளி சேவை தொடங்கியது. விதிகளை நான் ஆசையாகப் படித்தேன், ஏனென்றால் அதில் எங்கள் துறைக்கு நிறைய தீனி இருந்தது. எந்த மருந்தை எப்படி எழுதலாம் என்று பட்டியல் பிரித்திருந்தார்கள். பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் மாதிரியானவை 'ஓ' பட்டியல். எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். 'ஏ' பட்டியலுக்கு முதல் தடவை வீடியோவில் முகம் பார்க்க வேண்டும். 'பி' பட்டியல் ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு. போதை மருந்து வகையறாவைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் போட்டோ வந்தாலும் செல்லும். 'சீட்டு வீட்டுல இருக்கு' என்ற பேச்சுக்கே இனி இடமில்லை!

எதிர்வீட்டு ஆத்தாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பேரன் போனில் டாக்டரைப் பிடித்துவிட்டான். டாக்டர் வருகிறார் என்றதும் ஆத்தா எழுந்து முகம் கழுவி, தலை வாரி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாக்கை நீட்டச் சொன்னார் டாக்டர். ஆத்தா நீட்டினார், திரையில் தெரிந்தது மின்விசிறி. கேள்விக்கெல்லாம் பேரனே பதில் சொல்ல, "வியாதி எனக்கா அவனுக்கா? என்னையக் கேக்கச் சொல்லு" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: "எல்லாஞ் சரி, ஊசி எதுல வரும்?"

சிரித்தோம். ஆனால் அந்த டாக்டர் ஒரு காரியம் செய்தார். பேரனைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, ஆத்தாவின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வைத்தார். எண்ணிக்கையைக் கேட்டதும், "உடனே 108ஐக் கூப்பிடு" என்றார். ஆத்தா பிழைத்து வந்தார். திரையில் இருந்தவருடைய படிப்பும், கட்டிலருகே இருந்தவனுடைய கண்ணும் சேர்ந்து செய்த வைத்தியம் அது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நடந்திருக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, 5ஜி வந்துவிட்ட ஊரில் ஜனங்கள் மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கரணையில் என் மருமகள் வீட்டில் ஒரு டயாலிசிஸ் நோயாளி. மறுநாள் டயாலிசிஸ் என்று போன் தவறாமல் நினைவூட்டியது; அதற்குச் சிக்னல் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் படகு தேவைப்பட்டது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தென்மாவட்டங்கள் துண்டிக்கப்பட்டபோதும், தாமிரபரணிக் கரையில் தெய்வமாகத் தெரிந்தது படகும் ஹெலிகாப்டரும்தான்.

இரண்டு காலத்தையும் பார்த்தவன் என்ற உரிமையில் என் தீர்ப்பு இது. தொலைமருத்துவம் புயலுக்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய மாதங்களிலும் வேலை செய்யும். நடுவில் இருக்கிற சில நாட்கள் ஊரில் இருக்கிற செவிலியருடையவை. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செயற்கைக்கோள் போனும், டவருக்கு டீசலும் கேட்கிறவர்கள், காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடத்துக்கு ஆளையும் சேர்த்துக் கேளுங்கள். டேப்லெட் வாங்க நிதி கிடைக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் கைக்குத்தான் எப்போதும் நிதி நெருக்கடி.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டில் யார் யார் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த வியாதிக்கு என்று ஒரு தாளில் பேனாவால் எழுதுங்கள். உங்கள் ஊர்ச் செவிலியரின் எண்ணையும் அதில் எழுதுங்கள். மாத்திரை அட்டையின் போட்டோவைத் தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போதே அனுப்பி வையுங்கள். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.