கொடைக்கானலில் கிழங்கைப் புளிக்கவைப்பது எப்படி?

முதலில் கொடைக்கானலுக்குக் குடிவந்துவிடுங்கள். வாரக்கடைசியில் வந்து போகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும், அதைச் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். புளிக்கிற மாவிடம் அப்படி ஒரு குறுக்குவழியும் செல்லாது. சவர்டோ ரொட்டியைப் பொங்கவைக்கிற தாய்மாவு மதுரையில் ஒரு வாரத்தில் தயாராகிவிடும் என்றார்கள். எனக்கு இங்கே மார்கழியில் மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்தது, அந்தத் தாய்மாவில் சேர்க்கிற உருளைக்கிழங்கு. மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் விளைந்ததுதான் வேண்டும் என்று கடையில் அடம்பிடியுங்கள். கடைக்காரர் மண் ஒட்டிய கிழங்கை நீட்டி, "மலைக்கிழங்குதான் சார்" என்பார். வாங்கி முகர்ந்து பார்த்து, விஷயம் தெரிந்தவர்போலத் தலையாட்டுங்கள். ஆக்ரா கிழங்காக இருந்தாலும் பாதகமில்லை. வெந்த கிழங்கில் ஈஸ்ட் உயிரோடு இருக்காது. அது வருவது மாவிலிருந்து. கிழங்கு வெறும் சாப்பாடு. இதை மட்டும் விருந்தாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள், பெருமையெல்லாம் போய்விடும். பச்சை பிடித்த கிழங்கைத் தூர எறியுங்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

நடுத்தரக் கிழங்கு ஒன்றைத் தோல் சீவி, உப்பில்லாமல் வேகவையுங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், கிழங்கு வேகாது. குக்கரில் போடுங்கள். வெந்ததை மசித்து, வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர், கோதுமை மாவு ஒரு டம்ளர், சர்க்கரை ஒரு ஸ்பூன் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றித் துணியால் மூடுங்கள். மைதா வேண்டாம்; தவிட்டோடு இருக்கிற மாவில்தான் நுண்ணுயிர் அதிகம். தண்ணீர் வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். என் முதல் ஜாடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொன்றது நான்தான்.

ஜாடிக்குப் பெயர் வைக்காதீர்கள். பிறகு பாதியைக் கொட்டும்போது மனசு கேட்காது.

இரண்டாம் மூன்றாம் நாளில் மாவு பொங்கும். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். அந்தப் பொங்கல் பெரும்பாலும் லியூகோனாஸ்டாக் வகை பாக்டீரியாவின் வேலை. நம் இட்லிமாவைப் பொங்கவைக்கிற அதே குடும்பம். புளிப்பு ஏற ஏற அவை ஓய்ந்துவிடும். ஜாடி செத்ததுபோல் கிடக்கும், ஊறிய காலுறை வாசம் அடிக்கும். வீட்டில் இரண்டு கட்சி உண்டாகும். கொட்டச் சொல்கிற கட்சியின் பேச்சைக் கேட்காதீர்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு, சம எடையில் மாவும் தண்ணீரும் போட்டு வாருங்கள். புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸும் ஈஸ்டும் மெதுவாக இடம் பிடிக்கும்.

மெதுவாக என்றால், இந்த ஊர் மெதுவாக. ஈஸ்டுக்கு 25 டிகிரி வேண்டும். இங்கே மார்கழி இரவு 10 டிகிரிக்குக் கீழே. நான் ஜாடிக்குக் கம்பளி சுற்றினேன், கெய்சருக்கு அடியில் வைத்தேன், ஓவனுக்குள் பல்பு எரியவிட்டேன். கரண்ட் போனது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஜாடிக்கு ஸ்வெட்டரா?" என்றார். அவர் வீட்டு இட்லிமாவு விறகடுப்புத் திட்டின் ஓரத்தில், சுவரோடு சுவராக இருக்கிறது. சாம்பலின் சூடு விடியும்வரை தாங்குமாம். "இங்க கொண்டாந்து வைங்க. ரெண்டும் மாவுதானே?"

மறுநாள் காலை நுரைத்திருந்தது. 1845இல் மதுரையிலிருந்து மலையேறி வந்து முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளின் நாட்டில் அந்தக் காலத்தில் கிழங்கு ஈஸ்ட் சாதாரண வீட்டுச் சரக்கு. அவர்களுடைய ஜாடிகளும் யாரோ ஒரு சமையல்காரரின் அடுப்போரத்தில்தான் பிழைத்திருக்கும் என்பது என் சந்தேகம். சமவெளிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆப்பமாவில் கள்ளை ஊற்றிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் ரொட்டிக்கு ஆயிற்று. மூழ்கினால் வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தோசை ஊற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊருக்குத் திரும்பும்போது ஜாடியைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். மூடியை இறுக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மலையிறங்கி வத்தலக்குண்டு வெயில் பட்டதும் பொங்கும். தயவுசெய்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். ஏற்கெனவே மூன்று இருக்கின்றன; அக்கா வீட்டு அடுப்போரத்தில் இனி இடமில்லை.