எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?

பாரிஸ், மிலன் ராம்ப் மேடைகளில் மாடல்கள் அணிந்து நடக்கும் உடையை, வாடகையும் பைக் தவணையும் போக மிஞ்சும் சம்பளத்தில் சென்னையில் உடுத்திக்காட்டுபவர் ஒரு தனி ரகம். ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. வயது இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே. கைபேசியில் சேமித்த படங்கள் அறுநூறு இருந்தால், பணப்பையில் ரூபாயும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும்.

இவருடைய பஞ்சாங்கம் வேறு. ஐரோப்பாவில் குளிர்கால உடைகளைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே மேடையேற்றிவிடுகிறார்கள். ஆர்டர் பிடித்து, தைத்து, குளிருக்குமுன் கடைக்கு அனுப்ப ஆறு மாதம் வேண்டுமே. இவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. மார்ச்சில் பார்த்த நீளக் கோட்டு ஏப்ரலில் உடம்பில் ஏறியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தில் கழுத்துவரை பொத்தான் போட்டு ஒருவர் வியர்த்து நின்றால், காய்ச்சலோ என்று யாரும் பதற வேண்டாம்.

சரக்குக்கு முதல் ஊற்று திருப்பூர். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும், லேபிளைப் பாதி வெட்டிய நிலையில், நடைபாதைக் கடைகளில் குவிந்து கிடக்கும். மிஞ்சிய பாதி லேபிளை இவர் பத்திரமாக வைத்திருப்பார், சாட்சிக்கு உதவும். இரண்டாவது ஊற்று அம்மாவின் பீரோ. முகூர்த்தப் பட்டில் கத்தரி வைத்த வீடுகளில் அப்புறம் என்ன நடந்தது என்பதை விவரிக்காமல் விடுவதே நாகரிகம்.

இனி டெய்லர். தோள் தொங்கி, கை விரல்நுனிவரை வழிந்து, உள்ளே இன்னொருவரும் குடியிருக்கலாம் போன்ற கோட்டுதான் இப்போதைய மேடைப் பாணி. கச்சிதம் ஒன்றையே வாழ்நாள் முழுக்கத் தைத்துவந்த தெருமுனை டெய்லருக்கு இது தொழில் அவமானம்.

“அளவுச் சட்டை கொண்டாந்தியா தம்பி?”

இவர் கைபேசிப் படத்தைக் காட்டுவார். டெய்லர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். “பாவம், இந்தப் புள்ளைக்கு எவனோ தப்பா அளவெடுத்திருக்கான்.”

எவ்வளவு விளக்கினாலும், ஒரு வாரம் கழித்து வரும் கோட்டில் தோள் தோளிலேயே நிற்கும். இடுப்பும் சிக்கென்று பிடிக்கும். “கவலப்படாத தம்பி. உள்ள ரெண்டு இன்ச் துணி விட்டிருக்கேன். சதை போட்டா பிரிச்சுக்கலாம்.” இத்தனை உபகாரத்துக்குப் பிறகு சண்டை போடவும் முடியாது.

சில வருடங்களில் மேடை தானாகவே இவரைத் தேடி வருவதும் உண்டு. 2018-இல் ஜாரா நிறுவனம், லுங்கியைப் போன்ற கட்டம் போட்ட பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்றது. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். 2025 ஜூனில் மிலனில் பிராடா நிறுவனம் மேடையேற்றிய செருப்பைப் பார்த்த மகாராஷ்டிரக் கைவினைஞர்கள், இது எங்கள் கோலாப்பூர்ச் செருப்பாயிற்றே என்று குரல் எழுப்பினார்கள். அப்போதெல்லாம் இவர் அப்பாவின் லுங்கியைப் புது மரியாதையோடு பார்ப்பார். வெகுகாலமாக அதையே கட்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தம் முன்னோடித்தனம் உறைப்பதில்லை.

இவரை நிஜமான சீமான் சீமாட்டிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது விலை விஷயம். அவர்கள் விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இவருக்கோ அதைச் சொல்லாமல் உடை பூர்த்தியாகாது. பாரிஸ் சரக்கென்று ஊர் நம்ப வேண்டும். நம்பிய மறு நிமிடமே, முந்நூறு ரூபாய் என்று தெரிந்து மலைக்கவும் வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அலுவலக லிஃப்டில் தாமே ஆரம்பிப்பார்: “எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?” விவரம் தெரிந்தவர்கள் இரண்டாயிரம் என்று சொல்லிப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள்.

ஆனால் எல்லா அலுவலகத்திலும் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருப்பார். துணியை இரு விரலால் கசக்கிப் பார்த்து, “முந்நூறா? ஏமாந்துட்டியே தம்பி. சைதாப்பேட்டையில நூத்தம்பதுக்குக் குடுக்கிறானே” என்பார். அன்று மத்தியானம் இவருக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கோட்டோடு, சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் இவரைப் பார்க்கலாம்.