எண்பது நிமிட இடைவெளி: மவுண்ட் ஆகாமையும் பேட்ச் அனுப்புதலும் பற்றிய ஆய்வு

பொறுமைக்கு அளவு உண்டா என்ற வினாவுக்கு முன்னை ஆய்வாளர்கள் விடை காணாமல் விட்டதற்குக் காரணம், அவர்கள் என்.எஃப்.எஸ். கையேட்டைப் புரட்டாததே. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய இந்த ஏற்பாடு, எங்கோ இருக்கும் சர்வரின் கோப்புகளை நம் கணினியிலேயே இருப்பதாகக் காட்டும், மவுண்ட் ஆனால், அதாவது நம் கணினியோடு இணைந்தால். லினக்ஸில் சர்வர் பதில் தராவிட்டால் மவுண்ட் கட்டளை வழக்கமாக 2 நிமிடம் முயன்று கைவிரிக்கும். பின்னணியில் ஓடவிட்டாலோ 10000 நிமிடம் முயலும். ஒரு வாரத்துக்கு 80 நிமிடம் குறைவு என்று கையேடே கணக்கும் சொல்கிறது.

அந்த 80 நிமிடமே இவ்வாய்வின் பொருள்.

மவுண்ட் சிக்கலைத் தீர்த்த ஒருவர் லினக்ஸின் மையமான கர்னலுக்குப் பேட்ச் என்னும் நிரல் திருத்தம் அனுப்புகிறார் என்க. பிழை எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி விடுபட்டிருந்தது, சேர்த்தார். வேலை முடிந்தது என்று நினைப்பவர் இத்துறைக்குப் புதியவர். விளக்கக் குறிப்பில் 'சேர்த்தேன்' என்று எழுதலாகாது, 'சேர்' என்று ஏவலில் எழுத வேண்டும். கர்னலுக்கே உத்தரவிடும் தோரணை வேண்டுமாம். அனுப்புகிறவர் கைகட்டி நிற்பவர் என்பதை விதி பொருட்படுத்துவதில்லை. பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தின் அடையாளத்தில் முதல் 12 எழுத்தையாவது சுட்ட வேண்டும். யார் செய்த தப்பு என்பதை ஊரறியச் சொல்ல இதைவிட நாகரிகமான வழி இல்லை. பிறகு 'சைன்டு ஆஃப் பை' கையொப்பம், 2004 முதல் உள்ள மரபு. இத்தனையும் சரியாக இருந்து, மின்னஞ்சல் நிரல் டேப்களை மட்டும் ஸ்பேஸாக மாற்றிவிட்டால் பேட்ச் பொருந்தாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது மௌனம். கிணற்றில் போட்ட கல். நினைவூட்டவோ மறுபடி அனுப்பவோ குறைந்தது ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்பது கர்னல் ஆவணத்தின் அறிவுரை. புதிய மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடந்தால் இன்னும் கூடுதல். ஆக, இயந்திரம் நம்பிக்கை இழந்து 80 நிமிடம் கழித்துத்தான் மனிதன் வாய்திறக்கவே அனுமதி. மனிதப் பொறுமை இயந்திரப் பொறுமையைவிடச் சுமார் 0.8 விழுக்காடு மேலானது என இவ்வாய்வு நிறுவுகிறது.

அனுப்புவோர் இருவகையர். மவுண்ட் செய்யும் முறையின் பெயரையே அவர்களுக்கும் சூட்டலாம். சாஃப்ட் வகையினர் சில முயற்சிகளோடு பிழை என்று அறிவித்து ஒதுங்குவர். ஹார்டு வகையினர், சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று முனகியபடி முடிவின்றிக் காத்திருப்பர். என்.எஃப்.எஸ்ஸின் இயல்பிருப்பு ஹார்டுதான்.

நம்மவருக்கு ஒருவழியாகப் பதில் வந்தது: டேப்களைக் காணோம், வி2 அனுப்புக. இரண்டாம் பதிப்பில் என்ன மாறியது என்பதை, விளக்கக் குறிப்பின் முடிவைக் காட்டும் மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும். அங்கே எழுதுவது எதுவும் கர்னல் வரலாற்றில் ஏறாது. புலம்பலுக்கு உகந்த இடம் அதுவே என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.