பின்பிரேக் உபயம்

பெறுநர்:
நிர்வாகத்தார்,
வாடகை மோட்டார்சைக்கிள் நிலையம்,
ஹா ஜியாங், வட வியட்நாம்.
(2025 ஜூலையில் ஹா ஜியாங் மாகாணத்தைத் துயென் குவாங்கோடு சேர்த்துவிட்டதால் தங்கள் முகவரி மாறியிருக்கும். வண்டி மாறியிருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

பொருள்: தங்கள் வண்டிக்கு அடியேன் செய்த திருப்பணிக்கு அங்கீகாரம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

தங்கள் நிலையத்தில் 110 சிசி செமி ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்தவன் நான். நாளுக்கு 1,80,000 டோங். எங்கள் பணத்தில் ஏறத்தாழ 600 ரூபாய்தான் என்றாலும், லட்சத்தில் எண்ணிக் கொடுத்தபோது ஏதோ நிலம் கிரயம் செய்வதுபோல் இருந்தது. அந்தக் கிறுகிறுப்பில் வண்டியைச் சரியாகப் பார்க்காமல் விட்டது என் குற்றம்.

கியர் உண்டு, கிளட்ச் பிடி கிடையாது என்ற வண்டி எனக்குப் புதிதல்ல. ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் என்று ஒன்று எங்கள் ஊரிலும் கொஞ்ச காலம் ஓடி மறைந்தது. என் சித்தப்பா வைத்திருந்தார். குழந்தையைத் துடைப்பதுபோல் தினமும் துடைப்பார். தங்கள் வண்டியில் எனக்குப் புதிதாக இருந்தது, கிளட்ச்சோடு சேர்ந்து வேறு பலதும் இல்லாமல் இருந்ததுதான்.

வண்டியைக் கையில் கொடுக்குமுன் தாங்கள் ஒரு தாளை எடுத்தீர்கள். அதில் வண்டியின் படம். ஏற்கெனவே உள்ள கீறல்களை அதில் குறிக்க வேண்டுமாம். மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டீர்கள். நான் குனிந்து எண்ணியவரை நாற்பத்தொன்று. சொன்னேன். சிரித்துக்கொண்டே ‘கோங் சாவ்’ என்றீர்கள். உங்கள் மொழியில் அதற்குப் ‘பரவாயில்லை’ என்று பொருளாம். தமிழ்க் காதில் இரண்டாவது சொல்தான் தெளிவாக விழுந்தது. பின்பிரேக் மிதி தரையைத் தொடுகிறதே? கோங் சாவ். ஹாரன் அடிக்கவில்லையே? கோங் சாவ். டயர் மொட்டையாக இருக்கிறதே? கோங் சாவ். பிரயாணம் புறப்படுகிறவனிடம் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பதே அபசகுனம் என்று நினைக்கிற ஊர்க்காரன் நான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பிறகு அடமானமாக என் பாஸ்போர்ட்டை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டீர்கள். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அங்கே ஏற்கெனவே இருந்தது. அதில் நாலைந்து நாட்டுச் சின்னங்கள். அந்தப் புத்தகம் என்னுடையதுகூட அல்ல, இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. முதல் பக்கத்தில், இதை வைத்திருப்பவரை எந்தத் தடையும் இல்லாமல் போகவிடும்படி எங்கள் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோளும் உண்டு. மற்ற நாடுகளின் அதிகாரிகள் அதை எந்த அளவுக்கு மதித்தார்களோ தெரியாது. தங்கள் வண்டி எழுத்துக்கு எழுத்து மதித்தது. இறக்கத்தில் என்னைத் தடுக்க அது ஒருமுறைகூட முயலவில்லை.

சட்டம் பேசும் தகுதி எனக்கும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்று நான் வாங்கிவந்த சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்தது. தங்கள் நாடு ஏற்பது 1968ஆம் வருட வியன்னா ஒப்பந்த உரிமத்தை. ஐரோப்பாவின் இரண்டு ஊர்களில் யாரோ போட்ட கையெழுத்துகளுக்கு நடுவில் நான் உரிமம் இல்லாதவனாகிவிட்டேன். இது தங்களுக்கும் தெரியும், ஓட்டல் பையனுக்கும் தெரியும், பயணக் காப்பீட்டுக் கம்பெனிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். செல்லாத உரிமத்தோடு ஓட்டி விழுந்தால் கைவிரிக்க அவர்களுக்கு ஒரு வரி போதும். ஆக, விழுந்தால் செலவு முழுவதும் என் தலையில். அந்தத் தலையில் இருந்ததோ தாங்கள் கொடுத்த ஹெல்மெட். 2007 டிசம்பர் 15 முதல் தங்கள் நாட்டில் ஹெல்மெட் கட்டாயம். சட்டத்துக்குத் தங்கள் நிலையம் காட்டும் மரியாதை சரியாக ஒரு முட்டை ஓட்டின் கனம்.

புறப்பட்டேன். வலப்பக்கம் ஓட்ட வேண்டிய நாட்டில் முதல் பத்து நிமிடம் எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன். எதிரே வந்த லாரிக்காரர் முகத்தைப் பார்த்ததும் தனிமை நீங்கியது. வேகமானி முள் நாற்பதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நின்றாலும் நாற்பது, பறந்தாலும் நாற்பது. பெட்ரோல் முள் எப்போதும் நிறைகுடம். எவ்வளவு இருக்கிறது என்று அறிய சீட்டைத் தூக்கி, டாங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிக் காது வைத்துக் கேட்க வேண்டும், தேங்காய் வாங்குவதுபோல.

குவான் பா மலையேற்றத்தின் உச்சியில் ‘சொர்க்கவாசல்’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் கணவாய் இருக்கிறது. எங்கள் ஊரில் சொர்க்கவாசல் வைகுண்ட ஏகாதசிக்குத்தான் திறக்கும். அதற்கும் விடியற்காலை வரிசை. தங்கள் வண்டியில் ஏறியவனுக்கு ஒவ்வொரு வளைவிலும் இலவச தரிசனம். ஹாரன் இல்லாததால் வளைவுக்கு வளைவு வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு போனேன். தோங் வான் போய்ச் சேர்ந்தபோது குரல் போயிருந்தது. விடுதி அம்மா மருந்து என்று சோளச் சாராயத்தை ஊற்றினார். அதைப் பற்றித் தங்களிடம் புகார் இல்லை.

மா பி லெங் பற்றித்தான் எழுத வந்தேன். தோங் வானையும் மேவ் வாக்கையும் இணைக்கும் சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததின் அடியில் பச்சை நூல்போல் ஞோ குவே ஆறு. 1959 முதல் 1965 வரை பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் கையாலேயே வெட்டிய சாலையின் ஒரு பகுதி இது. இந்த இடத்தை மட்டும் பதினொரு மாதம், இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி பாறையைத் துளைத்து உடைத்தார்களாம். சாலைக்கு வைத்த பெயர் ‘மகிழ்ச்சிச் சாலை’. அவர்களுக்காவது கயிறு இருந்தது. எனக்கு இருந்தது ஒரு பிரேக் கேபிள். அதுவும் முன்பக்கம் மட்டும், அதிலும் பாதி இழை.

இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டாம் கியருக்கு வந்தேன். செயின் கழன்றது. செயின் இல்லையென்றால் கியருக்கும் சக்கரத்துக்கும் உறவில்லை. வண்டி உருளும் கல். பின்பிரேக்கை மிதித்தேன், மிதி தரையைத் தொட்டுத் திரும்பியது. கடைசியில் இரண்டு காலையும் ஊன்றித் தேய்த்து, சாலையோர மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். செருப்பின் அடிப்பாகம் மா பி லெங்கிலேயே தங்கிவிட்டது. பக்கத்தில் முதுகுக்கூடையோடு போன மோங் இனப் பாட்டி ஒருவர் நின்று பார்த்தார். என்னை அல்ல, வண்டியை. பிறகு தலையை ஆட்டிவிட்டு நடந்தார். தெரிந்தவர்களைப் பார்த்தால்தான் அப்படித் தலையாட்டுவார்கள்.

மேவ் வாக் வரை தள்ளினேன். அங்கே தங்கள் மொழி என்னை இன்னொரு முறை கவிழ்த்தது. வண்டி பழுது பார்க்கும் கடைப் பலகையும் வண்டி கழுவும் கடைப் பலகையும் முதலெழுத்து ஒன்றில்தான் மாறுமாம். நான் போய் நின்றது கழுவும் கடையில். செயின் தொங்குவதை நான் சைகையால் விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பையன் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டான். சேறு போனபிறகுதான் விளங்கியது, பல பாகங்களைப் பிடித்து வைத்திருந்ததே அந்தச் சேறுதான். மட்கார்ட் கையோடு வந்தது.

அடுத்த தெருவில்தான் மெக்கானிக். பழைய டயரைத் தொங்கவிட்டிருந்தார். அது எந்த மொழியிலும் புரியும். அவர் வண்டியைச் சுற்றிவந்து, சீட்டுக்கடியில் முறுக்கியிருந்த ஒரு மஞ்சள் ஒயரைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டினார். அவர் கட்டியது! செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: இந்த வண்டி அவரிடம் வருவது இது நாலாவது முறை. கார்புரேட்டர் ஒரு பிரெஞ்சுக்காரர் செலவு. டியூப் இரண்டும் இஸ்ரேல்காரப் பெண்கள் மாற்றியது. பேட்டரி யாரோ ஒரு ஜெர்மன்காரர். நான் பின்பிரேக் கட்டை, செயின், பல்சக்கரம் மூன்றையும் மாற்றினேன். வயதுக்கேற்ற நிதானத்தோடு அவர் வேலை செய்ததைப் பார்த்தபோது, பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் ஐயா, தங்கள் தொழிலின் நுட்பம் எனக்கு எட்டியது. தாங்கள் வண்டியைப் பராமரிக்காமல் விடவில்லை. பராமரிப்பை உலக நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். எது உடைகிறதோ அதை, அது உடையும்போது யார் மேலே உட்கார்ந்திருக்கிறாரோ அவர், உயிர் பயத்தில், பேரம் பேசாமல் மாற்றிவிடுவார். மெக்கானிக் சம்பளம் மிச்சம்.

திருப்பிக் கொடுக்க வந்தேன். தாங்கள் அந்தத் தாளை எடுத்தீர்கள். புதுச் செயினைப் பார்க்கவில்லை. புதுப் பிரேக் கட்டையை மிதித்துப் பார்த்து, புருவத்தை உயர்த்திவிட்டு, பேசாமல் இருந்தீர்கள். பிறகு மண்மேட்டில் சாய்த்த இடத்துக் கீறலில் விரலை வைத்தீர்கள். நாற்பத்திரண்டாவது கீறல். அது தாளில் இல்லை. 6,00,000 டோங் என்றீர்கள். நான் ‘கோங் சாவ்’ என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல் ஒருவழிப் பாதை என்று அன்றுதான் தெரிந்தது. பாஸ்போர்ட் இழுப்பறையில், ராத்திரி ஹனோய்க்கு பஸ். கொடுத்தேன்.

அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு இந்த விண்ணப்பம் எழுதவில்லை. என் கோரிக்கை வேறு. எங்கள் ஊர்க் கோயில்களில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சம் பாதி மறையும்படி அதன்மேல் ‘உபயம்: இன்னார், மளிகைக் கடை’ என்று பெயின்ட்டில் எழுதிவிடுவார்கள். அதேபோல் தங்கள் வண்டியிலும் அவரவர் திருப்பணியை அங்கங்கே எழுதிவைக்க வேண்டுகிறேன். டியூப்புக்கு ஹீப்ருவில், கார்புரேட்டருக்கு பிரெஞ்சில். பின்பிரேக்குக்கும் செயினுக்கும் தமிழில். தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று எழுத்துகளைப் பெரிதாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பார்த்து அப்படியே வரைந்தால் போதும். கீறல் நாற்பத்திரண்டுக்கும் முழுத்தொகை செலுத்தியிருப்பதால் அதன்மேலும் என் பெயர் வரலாம்.

முன்பிரேக் கேபிளுக்கு மட்டும் இன்னும் உபயதாரர் அமையவில்லை. அடுத்து வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வண்டியின் பின்பாதிக்கு உரியவன்