வருஷ பாஸ் சாஸ்திரம்

சிக்கனம் என்றால் செலவு செய்யாமல் இருப்பது என்பது எங்கள் தலைமுறையின் கொள்கை. நிறையச் செலவு செய்கிறவனுக்குத்தான் நிறைய மிச்சம் பிடிக்கும் பாக்கியம் கிட்டும் என்ற நவீன சித்தாந்தத்தை எனக்கு உபதேசித்தவர், தென் கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுன்ட்டியில் குடியிருக்கும் என் மாப்பிள்ளை. கேளிக்கைப் பூங்காக்களுக்கு எப்போது, எந்தத் தினுசில், யார் பெயரில் வருஷ பாஸ் வாங்கினால் லாபம் என்பதைப் பற்றி அவர் ஒரு சாஸ்திரமே வகுத்து வைத்திருக்கிறார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு உண்டான ஞானத்தில் ஒரு பகுதியையாவது தமிழ் வாசகர்களுக்கு வழங்காமற் போனால் அது உலோப குணமாகிவிடும்.

விஷயத்தின் பூர்வ சரித்திரம் இது. அந்தக் கவுன்ட்டியில் அனாஹைம் என்ற ஊரில், ஆரஞ்சு மரங்கள் நின்ற 160 ஏக்கர் நிலத்தில், வால்ட் டிஸ்னி 1955 ஜூலை 17-ஆம் தேதி டிஸ்னிலேண்டைத் திறந்தார். அந்நாளில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர்; உள்ளே ஏறுகிற ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியே காசு. பிறகு ஏ, பி, சி என்று எழுத்து வரிசைப்படி தரம் பிரித்த கூப்பன் புத்தகங்கள் வந்து, பிரமாதமான சவாரிகளுக்கு மட்டும் 'இ' கூப்பன் என்று ஏற்பட்டு, அந்த ஏற்பாடு 1982 வரையில் நடந்தது. சவாரியில் ஆசையில்லாத ஒரு கிழவர் ஆரம்ப நாட்களில் 1 டாலரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுச் சாவகாசமாக வீடு திரும்பியிருக்க முடியும். இப்போதோ ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரே கட்டணம். 2023-ஆம் வருஷக் கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு பூங்காவுக்கான டிக்கெட், கூட்டத்துக்குத் தக்கபடி, 104 டாலரிலிருந்து 194 டாலர் வரையில் இருந்தது. இவ்வளவு கொடுத்தவன் நிழலில் உட்காருவானா? காலையில் கதவு திறக்குமுன் போய் நின்று, இரவு வாணவேடிக்கை முடிகிற வரையில் ஓடிக்கொண்டேயிருக்கிறான்.

இந்த ஓட்டத்துக்குப் பரிகாரமாகத்தான் வருஷ பாஸ் ஏற்பட்டது என்பது மாப்பிள்ளையின் கட்சி. டிஸ்னிலேண்டில் பழைய பாஸ்களையெல்லாம் 2021 ஜனவரியில் ரத்து செய்துவிட்டு, அவ்வருஷம் ஆகஸ்டில் மாஜிக் கீ என்ற பெயரில் நான்கு வர்ணங்களாகப் புதிய பாஸ்களை விற்கத் தொடங்கினார்கள். அப்போது மேல் வர்ணத்துக்கு 1,399 டாலர். கடைசி வர்ணத்துக்கு 399 டாலர். அந்தக் கடைசி வர்ணமும் தென் கலிபோர்னியாவாசிகளுக்கு மட்டுமே. விலை குறையக் குறைய, உள்ளே விடாத நாட்கள் கூடிக்கொண்டே போகும். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் என்று அவற்றைக் கட்டம் கட்டிக் காட்டும் காலண்டரைப் பார்த்தால், ராகு காலமும் எமகண்டமும் குளிகையும் போக மிச்சமிருக்கும் நேரத்தில் நல்ல காரியம் செய்யச் சொல்லும் நம்முடைய பஞ்சாங்கமே தாராளமானது என்று தோன்றும். ஆகையால் முதல் விதி: பாஸின் விலையைப் பார்க்குமுன் உங்கள் லீவைப் பாருங்கள். புதன்கிழமை பதினொரு மணிக்கு வேலையில்லாதவருக்கு மலிவான பாஸே ராஜபோகம். பள்ளிக்கூடம் மூடினால்தான் வெளியே கிளம்ப முடியும் என்கிற குடும்பஸ்தர் மலிவு பாஸை வாங்கினால், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். ஓய்வு இருப்பவனுக்கு மலிவு, ஓய்வு இல்லாதவனுக்குக் கிராக்கி என்ற இந்த நியாயத்தை உலகத்தில் வேறு இடங்களிலும் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது, வாங்கும் காலம். இதில்தான் மாப்பிள்ளையின் மேதை முழுவதும் பிரகாசிக்கிறது. புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், பாஸின் ஆயுள் பணம் கட்டிய தினத்திலிருந்து தொடங்காமல், அங்கே போய் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த தினத்திலிருந்தே தொடங்கும். எனவே தொலைவிலிருந்து வருகிறவர், இந்த வருஷம் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு தடவையும், அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு தடவையும் போனால், இரண்டு வருஷத்து உல்லாசப் பிரயாணங்கள் ஒரே பாஸுக்குள் அடங்கிவிடும். அனாஹைமுக்குப் பக்கத்தில் புவேனா பார்க்கில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் வேறு கதை. அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரையில் செல்லும் சீசன் பாஸை முந்தின இலையுதிர் காலத்திலேயே விற்று, வாங்கிய நாள் முதலே உள்ளே விடுவது வழக்கம். ஆகவே மே மாதத்தில் ஆவேசப்பட்டு வாங்குகிறவனுக்கு எட்டு மாதம். செப்டம்பர் வரையில் மனத்தை அடக்கிக் காத்திருக்கிறவனுக்கு ஏறக்குறைய பதினைந்து மாதம். புலனடக்கத்துக்கு இவ்வளவு பிரத்தியட்சமான பலனை எந்தச் சாமியாரும் எனக்குக் காட்டியதில்லை. டிஸ்னிலேண்டிலோ, பாஸ் விற்பனையையே அடிக்கடி நிறுத்திவிட்டுத் திடீரென்று திறக்கிறார்கள். அங்கே எப்போது வாங்குவது உத்தமம் என்று கேட்டால், விற்கும்போது வாங்குவதே உத்தமம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒரு நாள் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர், அன்று வெளியே வருமுன் அந்தத் தொகையை வருஷ பாஸின் விலையில் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுவதற்குப் பல பூங்காக்களில் இடமுண்டு. அச்சமயத்தில் பாஸ் விற்பனை நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காலையில் பேரப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிற உற்சாகத்தில் எடுக்கும் முடிவைவிட, மாலையில் பாதம் வீங்கி, பசியெடுத்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கும்போது எடுக்கும் முடிவு பன்மடங்கு விவேகமானது. அந்த நிலையிலும் "மறுபடி வரவேண்டும்" என்று ஒருவருக்குத் தோன்றுமானால் அவர் தாராளமாக வாங்கலாம்.

யார் யாருக்கு வாங்குவது என்பதிலும் தர்மசங்கடங்கள் உண்டு. டிஸ்னிலேண்டில் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். நிரம்பிய மறுகணம், பாஸ் விஷயத்தில் அது தாத்தாவுக்குச் சமானம், சிறுவர் சலுகை கிடையாது. "நட்சத்திரப்படி பிறந்தநாள் கொண்டாடினால் இன்னும் நாலு நாள் சேர்த்துக் கிடைக்காதா, மாப்பிள்ளை?" என்று என் மனைவி கேட்டாள். "இங்கே இங்கிலீஷ் தேதிதான் அத்தை, திருவோணம் செல்லாது" என்று அவர் வருத்தத்துடன் சொன்னார். அந்த யோசனை தமக்குத் தோன்றாமற் போயிற்றே என்ற வருத்தம்தான் அது என்று எனக்குப் பட்டது.

வீட்டில் ஒருவர் மட்டும் உயர்ந்த பாஸ் வைத்திருந்தால் போதும் என்பதும் அவர் சாஸ்திரத்தில் ஒரு சூத்திரம். வண்டி நிறுத்தும் கட்டணம் அதில் அடங்கிவிடும். சாப்பாட்டிலும் சாமான்களிலும் இருபது சதவிகிதம் வரையில் தள்ளுபடி. ஆனால் இந்தத் தள்ளுபடியைப் பற்றி எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. எலியின் காது வைத்த தலைப்பட்டை ஒன்று முப்பது டாலர் என்றால், தள்ளுபடி இல்லாதவன் அதை வாங்காமல் முப்பது டாலரை மிச்சம் பிடிக்கிறான். தள்ளுபடி உள்ளவன் அதை வாங்கி ஆறு டாலரை மிச்சம் பிடிக்கிறான். இந்தக் கணக்கை நான் எடுத்துச் சொன்னபோது, "மாமா, நீங்கள் சதவிகிதத்தில் யோசிக்க வேண்டும்" என்று மாப்பிள்ளை மரியாதையாகத் திருத்தினார். கலிபோர்னியாவாசிகளுக்கு வட்டியில்லாத மாதத் தவணை என்ற வசதியும் இருக்கிறது. வட்டியில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பூங்காவை நாம் மறந்துவிட்ட மாதத்திலும் தவணை நம்மை மறப்பதில்லை.

வாங்கியபின் நடப்பதுதான் முக்கியம். பாஸின் விலையைப் போன தடவைகளால் வகுத்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு தடவைக்கும் ஆகிற செலவு குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ஆனந்தத்துக்காகப் போக ஆரம்பித்த மாப்பிள்ளை, வகுத்தலுக்காகப் போகலானார். என் மகள் துவைத்த துணிகளை மடிக்க நினைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், "இன்றைக்கும் போய்விட்டால் தலைக்கு நாற்பது டாலருக்கு இறங்கிவிடும்" என்று குரல் கேட்கும். போதாக்குறைக்கு மாஜிக் கீ வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே நாள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்துவிட்டு மூன்று தடவை வராமல் இருந்துவிட்டால், அது தொண்ணூறு நாட்களுக்குள் நிகழ்ந்தால், அடுத்த முப்பது நாட்களுக்குப் புதிய பதிவு கிடையாது என்று விதி வைத்தார்கள். சந்தோஷமாக இருப்பதற்கு ஆஜர்ப் பட்டியல் வைத்து, வராதவர்களைத் தண்டிக்கும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் நடுவில், பாஸின் உண்மையான பலனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு வயோதிகத் தம்பதியை ஒரு நாள் டிஸ்னிலேண்டில் பார்த்தேன். பக்கத்து ஊர்க்காரர்கள். வந்தார்கள், பெஞ்சில் அமர்ந்து காப்பி குடித்தார்கள், பாண்டு வாத்தியக் கோஷ்டி போவதைப் பார்த்தார்கள், என்னுடன் இரண்டு வார்த்தை பேசினார்கள், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து போய்விட்டார்கள். "ஒரு சவாரிகூட ஏறவில்லையே, மாமா! எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று மாப்பிள்ளை உண்மையான துக்கத்தோடு கேட்டார். 1955-இல் 1 டாலர் கொடுத்தவனுக்கு இருந்த சுதந்திரத்தை அவர்கள் வருஷ பாஸ் மூலமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

ஆகவே, வாங்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் வாசகர்கள் சதவிகிதங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்: அந்தப் பூங்காவுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, மனவருத்தம் இல்லாமல் வீடு திரும்ப உங்களால் முடியுமா? முடியும் என்றால், இலையுதிர் காலத்தில், விற்பனை திறந்திருக்கும் ஒரு நல்ல நாளில், உங்கள் லீவுக்கு ஒத்துப்போகிற பாஸ்களில் மலிவானதாகப் பார்த்து, முழுத் தொகையையும் கட்டி வாங்குங்கள். முடியாது என்றால், கூட்டமில்லாத ஒரு வாரநாளில் ஒரு நாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு, மூன்று வயது நிரம்புமுன் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். அதுவே உங்களுக்குச் சிக்கனம்.